கார்பன் கிரெடிட்டுக்காக மரம் வைக்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

நங்கநல்லூரில் வீடு, மதுராந்தகம் தாண்டி மூன்று ஏக்கர் பூர்வீக நிலம். பயிர் வைக்க ஆளில்லை, விற்க மனசில்லை. சென்னையில் என்னைப் போல ஆயிரம் பேர் இருப்பீர்கள். 2022-இல் ஒருவர் வந்து, "மரம் வையுங்க சார், மரம் இழுக்கிற காத்துக்கே கம்பெனிக்காரங்க காசு கொடுப்பாங்க" என்றார். கேட்கச் சுகமாக இருந்தது. அதன்பின் நான் அலைந்த அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். மரம் வளர்ப்பது இதில் சுலபமான வேலை. காகிதம்தான் கஷ்டம்.

1. பேராசையை அடக்கும் கணக்கு

கம்பெனிகள் தாங்கள் விடும் புகைக்கு ஈடுகாட்ட வாங்குவதுதான் கார்பன் கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. உங்கள் மரம் அதைக் காற்றிலிருந்து எடுத்து உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது என்று மூன்றாம் ஆள் ஒருவர் தணிக்கை செய்து சொன்னால்தான் கிரெடிட் பிறக்கும்.

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். ஈரம் போக, தரைக்கு மேல் 200 கிலோ. வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 250 கிலோ. இதில் கார்பன் ஏறக்குறைய 47 சதவீதம், அதாவது 117 கிலோ சொச்சம். அதை 3.67 ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு வரும்: சுமார் 430 கிலோ. அரை டன்கூட இல்லை. இந்த அளவுக்கு ஒரு மரம் வளர எத்தனை வருஷம் ஆகும் என்று உங்கள் ஊர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது பணம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 டன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கருக்கு 12 டன். புயல், தீ என்று மரம் அழிந்தால் ஈடுகட்ட ஒரு பகுதியைப் பொது இருப்பில் ஒதுக்கிவிடுவார்கள். அது 15 சதவீதம் என்றால் கையில் நிற்பது 10 டன். டன் 10 டாலருக்கு விற்று, அதில் உங்கள் பங்கு 60 சதவீதம் (மீதி திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கு) என்றால், வருஷத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். என் வீட்டு மெயின்டனன்ஸ் இரண்டு மாதத்துக்குக் கட்டலாம்.

என்னிடம் முதலில் வந்தவர் ஏக்கருக்கு ஒரு லட்சம் என்றார். எந்தக் கணக்கில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரமும் பழமும் தருவதுதான் முதல் வருமானம், கார்பன் மேல்வரும்படி. இப்படி நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. நிலம் தேறுமா என்று பாருங்கள்

ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குக் காசு கிடையாது. அப்பா 15 வருஷம் முன்பு வைத்த தேக்கு, தாத்தா காலத்து மாந்தோப்பு எதுவும் கணக்கில் வராது. புதிதாக, இந்த வருமானத்தை நம்பி நட்டதுதான் கணக்கு. நட்டு வருஷக்கணக்கில் ஆன பிறகு திட்டத்தில் சேர்க்கவும் கால வரம்பு உண்டு. "முதல்ல நடுங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அடுத்தது பத்து வருஷ விதி. திட்டம் தொடங்குவதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் அந்த இடத்தில் இயற்கையான காடோ புதரோ இருந்து அழிக்கப்பட்டிருந்தால், திட்டத்தைப் பதிந்து கிரெடிட் வழங்கும் வெர்ரா போன்ற பதிவகங்கள் ஏற்காது. இதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடுவார்கள். நீங்களும் பார்க்கலாம்: கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்கள் இலவசம்.

நம் பக்கத்து நிலத்தில் பெரும்பாலும் நிற்பது சீமைக்கருவேலம். அது வெளிநாட்டு மரம் என்பதால் அகற்றுவதில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதிலும் கார்பன் இருக்கிறது. தொடக்கக் கணக்கில் அதைக் கழிப்பார்கள். நான் ஆர்வத்தில் ஜேசிபி வைத்து வழித்து, வேரைக் கொளுத்தியும் விட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. வெட்டும் முன் என்ன இருந்தது என்று நிரூபிக்கப் பிறகு பட்டபாடு தனிக்கதை. படம் எடுத்துவிட்டு வெட்டுங்கள், கொளுத்தாதீர்கள்.

ஏரிப் புறம்போக்கு, ஓடை, மேய்ச்சல் நிலம், காப்புக்காடு எதையும் காட்டி "பங்கு வாங்குங்க" என்று யாராவது அழைத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மத்திய அரசின் பசுமைக் கிரெடிட் திட்டம் என்று 2023 அக்டோபரில் அறிவித்தது வேறு. அதன் மரநடவு விதிகள் வனத்துறை காட்டும் சீரழிந்த நிலத்துக்கு வகுக்கப்பட்டவை. உங்கள் பட்டா நிலத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவரை நம்ப வேண்டாம்.

3. பட்டாவை உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள்

எனக்கு 14 மாதம் போனது இங்கேதான். யாரையும் குறை சொல்ல முடியாது, எங்கள் வீட்டு விஷயம். பட்டா தாத்தா பெயரில். தாத்தா போய் முப்பது வருஷம். அப்பா தொடர்ந்து கிஸ்தி கட்டிக்கொண்டிருந்ததால் நிலம் நம்முடையது என்று இருந்துவிட்டோம். தாத்தாவுக்கு அப்பாவோடு இரண்டு மகள்கள். பெரிய அத்தை மும்பையில். போன் செய்தால், "மரம் வைக்கிறதுக்கு எதுக்குடா என் கையெழுத்து? விக்கப் போறியா, உண்மையச் சொல்லு" என்றார். அவர் சந்தேகம் தீர இரண்டு தீபாவளி ஆனது.

நீங்கள் திரட்ட வேண்டியவை:

- பட்டா, சிட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் (நில அளவை வரைபடம்). நான்கும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். புலப்படத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து நிலத்தில் நின்று சரிபாருங்கள். எங்கள் வரப்பு ஒரு பக்கம் எட்டடி பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துக்குள் இருந்தது.
- வில்லங்கச் சான்று, குறைந்தது 30 ஆண்டுக்கு. 1975 முதல் உள்ளவை பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.
- இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். கட்டணம் சில பத்து ரூபாய்தான். செலவு ஆவது அலைச்சலுக்கு.
- மற்ற வாரிசுகளிடமிருந்து விடுதலைப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், பதிவு செய்தது. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய சம்மதக் கடிதம் தணிக்கையில் நிற்காது.
- கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா. சர்வேயர் வந்து அளக்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். முதல் நாளே கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்துவிடுங்கள்.
- சிறு, குறு விவசாயி சான்று. கார்பனுக்காக இல்லை, சொட்டுநீர் மானியத்துக்காக. 5 ஏக்கர் வரை உள்ளவருக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம், மற்றவருக்கு 75.

கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ நிலத்தின் மேல் கடன் இருந்தால் தடையில்லாச் சான்றும் வேண்டும். அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம், பஞ்சமி நிலம் என்றால் வக்கீலிடம் போகாமல் ஓரடி எடுத்து வைக்காதீர்கள்.

4. வந்தவர் யார் என்று பாருங்கள்

திட்டம் நடத்துகிறவரை இந்தத் துறையிலும் "டெவலப்பர்" என்றுதான் சொல்கிறார்கள். சென்னைக்காரர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு உஷார் வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்று ஏக்கரை வைத்துத் தனியாகத் திட்டம் பதிய முடியாது. தணிக்கைச் செலவே பல லட்சம். அதனால் ஒரு நிறுவனம் நூற்றுக்கணக்கான விவசாயிகளைச் சேர்த்து ஒரே கூட்டுத் திட்டமாகப் பதியும். உங்கள் ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் வழியாகப் பேசுங்கள். தனி ஆளிடம் பேசுகிற தொனி அங்கே எடுபடாது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்க திட்டம் எந்தப் பதிவகத்துல, என்ன எண்?" வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்ட் இரண்டின் பதிவேடும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கிறது. எண்ணைப் போட்டால் திட்ட ஆவணம், வரைபடம், எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை கிரெடிட் வழங்கப்பட்டது எல்லாம் வரும். என் முதல் ஆள் கொடுத்த எண்ணைப் போட்டேன். வேறொரு நாட்டில் அடுப்பு வழங்கும் திட்டம் வந்தது. இரண்டாமவர் எண்ணே கொடுக்கவில்லை, "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார்.

இரண்டாவது கேள்வி: எந்தக் கணக்கீட்டு முறை? மரநடவுக்கு வெர்ரா 2023 செப்டம்பரில் வி.எம். 0047 என்ற முறையை வெளியிட்டது. ஐ.நா. திட்டத்திலிருந்து இரவல் வாங்கிய பழைய முறையின் இடத்தில் இது வந்தது. பழையதை வைத்து இன்னும் கதை சொல்கிறவர் 2023-க்குப் பிறகு எதையும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன் உள்ளிட்ட பத்திரிகைகள் வெர்ரா அங்கீகரித்த மழைக்காட்டுப் பாதுகாப்பு கிரெடிட்களில் பெரும்பகுதி வெறும் காகிதம் என்று எழுதின. வெர்ரா மறுத்தது. ஆனால் வாங்குகிற கம்பெனிகள் மிரண்டுவிட்டன. "இருக்கும் காட்டை வெட்டாமல் விட்டோம்" என்ற கிரெடிட்டைவிடப் புதிதாக நட்ட மரத்தின் கிரெடிட்டுக்கு மதிப்பு கூடியது. கூடவே கேள்வியும் கூடியது. இரண்டும் உங்கள் தலையில்தான் வரும்.

உங்களிடம் பதிவுக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு அவர்களுடையது. அதற்குத்தான் பங்கு எடுக்கிறார்கள்.

5. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

எனக்கு வந்தது ஆங்கிலத்தில் 31 பக்கம். தமிழ்ப் பிரதி கேட்டேன், மூன்று வாரம் கழித்து வந்தது. கடைசிப் பக்கத்தில் "இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்" என்று ஒரு வரி. அப்படியானால் ஆங்கிலத்தைத்தான் படிக்க வேண்டும். ஒரு வக்கீலுக்கு 5,000 ரூபாய் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இந்த மொத்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

எத்தனை வருஷம்? 20, 30, 40 என்று எழுதியிருப்பார்கள். எனக்கு 52 வயது. அதனால் ஒப்பந்தம் என் மகளைத்தான் கட்டும். அவளை உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இடையில் நிலத்தை விற்றால் வாங்குபவர் தொடர வேண்டுமா, தொடராவிட்டால் நீங்கள் என்ன கட்ட வேண்டும் என்பதையும் இங்கேயே பாருங்கள். மதுராந்தகம் வரை மனை போட்டுக்கொண்டு வருகிறார்கள். இன்று விற்க மாட்டேன் என்பீர்கள், பத்து வருஷம் கழித்து?

பங்கு எதன் மேல்? "60 சதவீதம்" என்பது விற்ற விலையிலா, தணிக்கை, பதிவு, சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் கழித்த பிறகா? என் முதல் வரைவில் கழித்த பிறகு என்று இருந்தது. செலவுக்கு உச்சவரம்பு கேட்டு வாங்குங்கள். விற்ற விலையை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதையும் எழுத வையுங்கள்.

மரம் செத்தால் யார் பொறுப்பு? புயல், வெள்ளம், தீ இவற்றால் போனால் உங்கள் மேல் அபராதம் கூடாது. 2016 வர்தா சென்னையில் எத்தனை மரத்தைச் சாய்த்தது என்று பார்த்தவர்கள் நாம். "விவசாயியின் கவனக்குறைவு" என்ற சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள். ஆடு மேய்ந்தால் கவனக்குறைவா?

வெட்டலாமா? மரத்தை வெட்டி விற்கும் திட்டம் என்றால் வெட்டும் சுழற்சி முழுவதற்கும் சராசரி எடுத்து, அதற்கு மேல் கிரெடிட் தர மாட்டார்கள். வெட்டும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கிரெடிட்டும் முழுசாக வேண்டும் என்றால் நடக்காது. எந்த வருஷம், எத்தனை சதவீதம் என்று அட்டவணையாக ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தின் தலைப்பு "குத்தகை" என்று இருக்கிறதா? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிந்தால் உங்கள் வில்லங்கச் சான்றில் ஏறும். நிலம் வேண்டாம், கார்பன் உரிமை மட்டும் என்று மாற்றி எழுதச் சொன்னேன், மாற்றினார்கள். பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கொடுக்கவே கூடாது. வழக்கு எங்கே நடக்கும் என்ற வரியையும் பாருங்கள். என் வரைவில் சிங்கப்பூர் இருந்தது, சென்னை என்று ஆக்கினேன். மூன்று ஏக்கர்க்காரன் சிங்கப்பூரில் போய் வழக்காடுவானா?

ஒரே நிலத்தை இரண்டு திட்டத்தில் சேர்ப்பது மோசடிக் கணக்கில் வரும். ஏற்கெனவே எங்காவது ஒரு "விருப்பக் கடிதத்தில்" கையெழுத்துப் போட்டிருந்தால் அதை முறைப்படி ரத்து செய்துவிட்டு வாருங்கள்.

6. நடவு

வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழி, மழை தொடங்கியதும் கன்று. புரட்டாசிக் கடைசியில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள். நான் 2023-இல் 12 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 300 வீதம் நட்டேன். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். தாழ்வான மூலையில் நட்ட தேக்கு, மகோகனி 200-க்கு மேல் தண்ணீர் நின்றே அழுகிப் போயின. பக்கத்திலேயே நீர்மருதும் நாவலும் ஒன்றும் ஆகாமல் நின்றன. ஏரி ஓரத்து நிலத்தில் எது நிற்கும் என்பதைக் கம்பெனி ஆக்ரானமிஸ்டைவிட ஊர்ப் பெரியவர் நன்றாகச் சொல்வார். "அங்க தேக்கு வைக்காத தம்பி" என்று ஒருவர் சொல்லத்தான் செய்தார்.

மூன்றே வருஷத்தில் வெட்டுகிற சவுக்கு இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. சந்தனம், செம்மரம் வைத்தால் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வேளாண் துறையின் பசுமைப் போர்வை இயக்கத்தில் உழவன் செயலி வழியாகக் கன்றுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாங்கலாம். ஆனால் அரசுக் கன்று என்பதைத் திட்ட நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். "கார்பன் பணம் இல்லாமலே நட்டிருப்பார்" என்று தணிக்கையில் கேள்வி வரும்.

செலவில் பெரியது வேலி. கம்பி வேலிக்கு எனக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. காசு இல்லை என்றால் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போடுங்கள். இரண்டு மழை பொறுக்க வேண்டும். வேலி இல்லாமல் மட்டும் நடாதீர்கள், ஆடுகளுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாது.

7. ஆதாரம் சேர்த்துக்கொண்டே இருங்கள்

ஒவ்வொரு கன்றுக்கும் நர்சரி பில். இடமும் தேதியும் பதிவாகும் செயலியில் படம், மூலைக்கு ஒன்று, மாதம் ஒருமுறை. எத்தனை செத்தது, எத்தனை மாற்றி நட்டது என்று ஒரு நோட்டு. வி.ஏ.ஓ.விடம் சொல்லி அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) மர வகையையும் எண்ணிக்கையையும் எழுத வையுங்கள். பிற்காலத்தில் வெட்டும்போதும் அது கைகொடுக்கும். மரம் பெரிதானால் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள். தையற்கடை இஞ்சு டேப் போதும், நீங்களே ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து வையுங்கள். அவர்கள் எழுதும் எண்ணோடு ஒப்பிடலாம்.

8. காத்திருப்பும் வரியும்

திட்டம் பதிவாகும் முன் ஒரு தணிக்கை. 30 நாள் பொதுக் கருத்துக்கு வைப்பார்கள். பதிவான பின் மரம் வளர வேண்டும். பிறகு அளந்து இன்னொரு தணிக்கை, பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகுதான் கிரெடிட், அதை விற்ற பிறகுதான் பணம். நட்ட நாளிலிருந்து முதல் ரூபாய்க்கு நான்கைந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தருவதாகச் சொல்லும் தொகை முன்பணமா கடனா என்று கேளுங்கள். முன்பணம் என்றால் பிற்காலப் பங்கிலிருந்து கழிப்பார்கள்.

வரி விஷயத்தில் ஒரு நுணுக்கம். கார்பன் கிரெடிட் விற்ற வருமானத்துக்கு 10 சதவீத வரி என்று 2017 நிதிச் சட்டம் 115பிபிஜி என்ற பிரிவைக் கொண்டுவந்தது. ஆனால் அதில் சொல்லும் கிரெடிட், ஐ.நா. காலநிலை அமைப்பு உறுதிசெய்தது. நம்முடையது தனியார் பதிவகத்துக் கிரெடிட், அந்த 10 சதவீதம் நமக்குப் பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. விவசாய வருமானம் என்று காட்டி வரியில்லாமல் தப்பிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னதை ஆடிட்டரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முதல்ல பணம் வரட்டும் சார், அப்புறம் எந்தத் தலைப்புல போடறதுன்னு பாத்துக்கலாம்" என்றார். இன்னும் வரவில்லை.